விமானத்தைத் தாங்கிய மூன்று ராஜாக்கள்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் ராஜாக்கள் இரண்டே பேர்தான். வருகிறவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றாவது ராஜா எங்கே, உடைந்துவிட்டாரா என்று கேட்பார்கள். உடையவில்லை. அவர் திருவான்மியூரில் என் மாமா வீட்டுப் புத்தக அலமாரியின் மேல்தட்டில், இரட்டை இறக்கை விமானம் ஒன்றுக்குக் கீழே, இறக்கையைத் தலையால் தாங்கிக்கொண்டு இத்தனை வருடமாக நிற்கிறார். அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான்தான். அப்போது மட்டும் அதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மந்தைவெளியில் ஒரு பழைய அடுக்குமாடியின் இரண்டாவது தளத்தில் குடியிருந்தோம். அம்மா நர்ஸ், அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. நான் ஒரே பெண். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்கு ஆழமாகவே இருந்தது.

அந்த நவம்பர் கடைசியில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பெரம்பூரிலிருந்து ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் கட்டட வேலையில் சைட் இன்ஜினியர். அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் ஊரறிய வாசிப்பார். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம். மாமாவுக்கு இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு வாசிக்கவில்லை. ஆட்சேபம் சொன்னது பெண்ணேதான் என்று அம்மா போனில் யாரிடமோ மெதுவாகச் சொன்னதை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் ஒன்றுதான். மணப்பெண்ணுக்கு முன்னால் பூக்கூடை பிடித்து நடப்பதற்காக எனக்கு ஒரு ரோஸ் கலர் ஃப்ராக் தைத்து வைத்திருந்தார்கள். அது பீரோவிலேயே தொங்கிப்போனது.

மாமா ஹாலில் இருந்த திவானில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். வேலைக்குப் போகவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. தாடி வளர்ந்தது. வீட்டில் வேறு சில மாற்றங்களும் வந்தன. அப்பா தினமும் காலையில் குளியலறையில் பாட்டுப் பாடிக்கொண்டே சவரம் செய்கிறவர், அந்த மாதம் முழுக்க தெருமுனை சலூனுக்குப் போக ஆரம்பித்தார். திடீரென்று இவருக்கு என்ன இந்த சொகுசு என்று நினைத்தேன். அம்மாவின் ஹேண்ட்பேக் வழக்கத்தைவிட கனத்தது. அதை ஒருநாள் நான் திறக்கப் போனதற்கு வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது.

கிறிஸ்துமஸ் பூசைக்கும் மாமா வரவில்லை. மறுநாள் அம்மா டியூட்டி முடிந்து நேராக தி. நகர் போய், ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தாள். மேலே ஒரு விமானப் படம். இரண்டு இறக்கை, ஒன்றின் மேல் ஒன்று, நடுவில் குச்சி குச்சியாகத் தாங்கல்கள், முன்னால் மரத்தாலான விசிறி. உள்ளே சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்களில் பட்டாணி அளவிலிருந்து ஸ்கேல் நீளம் வரை நூறு துண்டுகள். எல்லாவற்றையும் வெட்டி, ஒட்டி, விமானமாக்க வேண்டியது நம் பொறுப்பு. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பெட்டியின் ஓரத்தில் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அச்சடித்திருந்தது. அம்மா அதைப் படிக்காமல் வாங்குகிறவள் அல்ல. ஆகவே என் மூளைக்குப் பதினான்கு வயது என்று அம்மாவே முடிவு செய்துவிட்டாள் என்று புரிந்துகொண்டு தலைகால் புரியாமல் ஆடினேன்.

அதோடு நிற்கவில்லை. அம்மா தன் பழைய செல்போனை என் கையில் கொடுத்தாள். பத்து வயதில் செல்போன் என்பது எங்கள் வகுப்பில் ஒருத்திக்கும் இல்லாத பெருமை. நிபந்தனை இரண்டு. மாமா இல்லாமல் பெட்டியைத் தொடக்கூடாது. அரைப்பரீட்சை லீவு முடிகிறவரை, அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், மாமா இருக்கும் இடத்தைவிட்டு நான் நகரக்கூடாது. கீழ்வீட்டுப் பெண்களோடு விளையாடப் போகக்கூடாது. போன் அடித்தால் உடனே எடுக்க வேண்டும். ஒரு பெரிய வேலைக்கு இப்படிப்பட்ட கட்டுப்பாடுகள் இருக்கத்தான் செய்யும் என்று நான் பெருந்தன்மையோடு சம்மதித்தேன்.

முதல் நாள் மாமாவைத் திவானிலிருந்து கிளப்பவே பதினோரு மணியாகிவிட்டது. தரையில் பாயைப் போட்டு, துண்டுகளையெல்லாம் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து அவர் மூக்குக்கு நேரே காட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் தொல்லை தாங்காமல் எழுந்து உட்கார்ந்தார். விளக்கத் தாளைப் படித்தார். சட்டத்திலிருந்து துண்டுகளை வெட்ட பிளேடு வேண்டும் என்றார்.

வீட்டில் பிளேடு இல்லை. பென்சில் சீவ நான் வைத்திருந்த அரை பிளேடைக்கூட அம்மா எப்போதோ எடுத்துப் போட்டுவிட்டிருந்தாள். போன் செய்து கேட்டேன். பிளேடு கிடையாது, நகவெட்டி இருக்கிறது, அதை வைத்துக்கொள் என்றாள். மூன்றாம் வகுப்பிலிருந்து பிளேடில் பென்சில் சீவுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று மாமாவிடம் புலம்பினேன். மாமா நகவெட்டியைக் கையில் வாங்கி, திறந்து, மூடி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி வுடு. இதுவும் வெட்டும்."

வெட்டியது. அதுவும் எப்படி வெட்டியது! டக் டக்கென்று துண்டுகள் சட்டத்தைவிட்டு விழுந்தன. நகவெட்டியின் முதுகில் இருந்த அரத்தாலேயே பிசிறைத் தேய்த்தோம். விமானத்தின் உடம்பு இரண்டு பாதி. ஒட்டிப் பிடிக்க பால்கனிக் கொடியிலிருந்து துணி கிளிப் பதினொன்றைக் கொண்டுவந்தேன். கிளிப் கவ்வாத இடத்தில் என் தலைமுடி ரப்பர் பேண்டுகள் கவ்வின. எது கையில் கிடைத்தாலும் இது எதற்கு ஆகும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டோம். சாயந்திரத்துக்குள் வீட்டில் ஒரு சாமானும் அதனதன் இடத்தில் இல்லை.

அம்மா பதினோரு மணிக்கு ஒரு தடவையும், ஒரு மணிக்கு ஒரு தடவையும் போன் செய்தாள். கீழ் இறக்கை ஒட்டியாயிற்று, சக்கரம் காய்ந்துகொண்டிருக்கிறது என்று நான் மூச்சுவிடாமல் அறிக்கை கொடுப்பேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்பது ஒன்றுதான். மாமா என்ன பண்றாரு, மாமா சாப்பிட்டாரா. விமானத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது. இவ்வளவு ரசனை இல்லாத தாய்க்குப் பிறந்தோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மூன்றாம் நாள் மேல் இறக்கை. இரட்டை இறக்கை விமானத்தில் கஷ்டமே அதுதான். கீழ் இறக்கையில் எட்டுக் குச்சிகளை நட்டு, அந்த எட்டின் தலையிலும் மேல் இறக்கை ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். ஒவ்வொரு குச்சியும் தீக்குச்சிப் பருமன். பசை பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் வகை. அது இறுகும்வரை ஆடக்கூடாது, சாயக்கூடாது. கோணலாக இறுகிவிட்டால் அவ்வளவுதான், பிரிக்க முடியாது. அதில்தான் எங்கள் விமானத்தின் தலையெழுத்தே இருந்தது.

நான்கு கையால் பிடித்தோம். நான் வலது பக்கம், மாமா இடது பக்கம். முந்நூறு வரை எண்ணுவதாகத் திட்டம். நூற்று நாற்பதில் மாமாவின் கை நடுங்க ஆரம்பித்தது. சரியாகச் சாப்பிடாத, சரியாகத் தூங்காத கை. ஒரு குச்சி நழுவியது. அதைப் பிடிக்கப் போனதில் இன்னொன்று. அப்புறம் இறக்கையே முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. இரண்டு குச்சி மடங்கியது. பசை என் ஃப்ராக்கெல்லாம் ஒழுகியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சொன்னேன், "ஒரு வேலைகூட உருப்படியா செய்யத் தெரியாதா மாமா உங்களுக்கு? எல்லாமே பாதியிலதான் நிக்குமா?"

முதல் பாதி அப்பா என்னைத் திட்டும்போது சொல்வது. இரண்டாவது பாதி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. மாமா மடங்கிய குச்சிகளைப் பொறுக்கி, இறக்கையைத் துடைத்து, எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்து மூடினார். திவானில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு அம்மாவின் போன் வந்தது. மாமா என்ன பண்றாரு என்றாள். படுத்திருக்கிறார், ப்ளேன் நாசமாகிவிட்டது, இனிமேல் செய்யமாட்டாராம் என்றேன். சாப்பிட்டாரா என்றாள். இல்லை, கூப்பிட்டால் பேசவே மாட்டேன் என்கிறார் என்றேன். போன் கட்டாகிவிட்டது.

அரை மணிகூட ஆகியிருக்காது. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம். அம்மா வெள்ளை யூனிஃபார்மிலேயே, நடு டியூட்டியில், படி ஏறி ஓடி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் என் ஃப்ராக்கில் இருந்த பசையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மாமாவிடம் போய், தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்தைப் பார்த்தாள். தலையணைக்குக் கீழே கைவிட்டுத் தடவினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது மாதிரி, தட்டில் சோறு பிசைந்து நான்கு வாய் கொடுத்தாள். ஒரு விமானம் உடைந்ததற்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே, இவளுக்கும் உள்ளூர ஆசை இருந்திருக்கிறது என்று எனக்கு அவள்மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது.

திரும்பிப் போகும்போது வாசலில் என்னை நிறுத்தி, இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கும் மாமாவ விடாத. எப்படியாவது எழுப்பி உக்கார வை. அந்த ப்ளேனை அவர் முடிக்கணும்."

இப்படி ஒரு உத்தரவு கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? அன்று சாயந்திரம் முழுக்க யோசித்தேன். கையால் பிடித்தால் நடுங்கும். நடுங்காத, நகராத, தும்மாத, பசிக்காத யாராவது பிடிக்க வேண்டும். குடில் இருந்த மூலையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ராஜாக்களின் நினைவு வந்தது.

எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று குடிலில் சூசையப்பர், மாதா, குழந்தை, இடையர்கள், ஆடு மாடு எல்லாரும் இருப்பார்கள். ராஜாக்கள் இருக்கமாட்டார்கள். அவர்கள் தூர தேசத்திலிருந்து நட்சத்திரத்தைப் பார்த்து நடந்து வருகிறவர்கள், உடனே வந்துவிட முடியாது. ஜனவரி முதல் தேதி அவர்களை ஃப்ரிட்ஜ் மேல் வைப்போம். அடுத்த நாள் தையல் மெஷின், அதற்கடுத்து டிவி என்று நாளுக்கு ஒரு நிறுத்தமாக நகர்த்தி, ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாளன்று குடிலில் சேர்ப்போம். அன்றைக்குத்தான் பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து குடில் போட்டிக்கு மார்க் போடுவார். ஆகவே டிசம்பர் முப்பதாம் தேதி ராஜாக்கள் மூவரும் அம்மாவின் அலமாரியில் பழைய செய்தித்தாளில் சுருண்டு, வேலைவெட்டி இல்லாமல் படுத்திருந்தார்கள்.

அந்த சுரூபங்கள் அம்மாவுக்கு அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த சீதனம். நாங்கள் யாரும் தொடக்கூடாது. மறுநாள் அம்மா வேலைக்குக் கிளம்பியதும் மூவரையும் எடுத்துவந்து மாமாவின் தலைமாட்டில் வரிசையாக நிறுத்தினேன். பச்சை அங்கி ராஜாவும் சிவப்பு அங்கி ராஜாவும் நின்றபடி இருப்பார்கள். நீல அங்கி ராஜா முட்டி போட்டிருப்பார்.

"மாமா, இவங்க பிடிப்பாங்க," என்றேன்.

மாமா திரும்பினார். ராஜாக்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்து உட்கார்ந்து தாடியைச் சொறிந்தார். அவர் பேசியபோது அது சைட்டில் பேசுகிற குரலாக இருந்தது.

"கூரை கான்கிரீட் போட்டா காயற வரைக்கும் கீழ முட்டு குடுப்போம். அதான் இது. ஆனா உன் ராஜாங்க ரொம்ப ஒசரம். இறக்கை அவங்க இடுப்புக்குதான் வருது."

உண்மைதான். விமானத்தைத் தரையில் வைத்தால் மேல் இறக்கை ராஜாக்களின் இடுப்போடு நின்றது. மாமா மறுபடி படுத்துவிடுவார் என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் எனக்கு அது தோன்றியது. ராஜாக்களை ஏன் குட்டையாக்க வேண்டும்? விமானத்தை உயரமாக்கினால் போதாதா? ஓடிப்போய் சோப்பு டப்பாவையும், அதன்மேல் வைக்க என் ஞாயிறு மறைக்கல்விப் புத்தகத்தையும் கொண்டுவந்து, விமானத்தை அதன்மேல் ஏற்றினேன். மேல் இறக்கை சரியாக இரண்டு கிரீடங்களின்மேல் போய் உட்கார்ந்தது.

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள். இன்றுவரை எந்தச் சான்றிதழும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

"இன்னா மேஸ்திரி, இத்தினி நாள் எங்க இருந்த?" என்றார். அன்றிலிருந்து நான் மேஸ்திரி.

அப்புறம் நடந்ததெல்லாம் பறக்கும் வேகத்தில் நடந்தது. இறக்கையின் இரண்டு முனையிலும் நின்ற ராஜாக்கள். வால் தொங்காமல் இருக்க, பின்னால் முட்டி போட்ட நீல ராஜா. அவர் உயரம் வாலுக்கென்றே அளந்து செய்தது போல் இருந்தது. சிவப்பு ராஜா மட்டும் பச்சை ராஜாவைவிட ஒரு இழை குட்டை. அவர் காலுக்கடியில் எதையாவது வைக்க வேண்டும், ஆனால் காகிதம் மாதிரி மெலிசாக, ஒரே கனத்தில் பலது வேண்டும். என்னிடம் இருந்தது. என் புதுநன்மைக்கு, அதாவது நான் முதல் தடவை நற்கருணை வாங்கிய நாளுக்கு, அடித்த ஞாபக அட்டைகள். வெள்ளை உடுப்பில், மெழுகுவத்தியோடு, முழியைப் பிதுக்கிக்கொண்டு நான் நிற்கும் படம் போட்டது. அப்பா தேவைக்கு மேல் அச்சடித்துவிட்டதால் கட்டுக் கட்டாக மீந்திருந்தது. ஒரு அட்டை வைத்தோம், போதவில்லை. இரண்டு, மூன்று. நான்காவதில் சரியாக வந்தது. சிவப்பு ராஜா என் முகத்தின்மேல் ஏறி நின்றார்.

சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்? சைட்டில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார்கள், கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்றார் மாமா. நான் சாமி ஸ்டாண்டிலிருந்து வேளாங்கண்ணி எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து நீட்டினேன். விரல் நீளக் கண்ணாடிக் குப்பி, முக்கால்வாசி எண்ணெய். படுக்கவைத்தால் ஒரு குமிழி ஓடும். உருளாமல் இருக்க ஒரு துளி மெழுகு வைத்து, இறக்கையின் மேல் படுக்கவைத்தோம். குமிழி இடது பக்கம் ஓடியது, தயங்கியது, திரும்பி நடுவுக்கு வந்து நின்றது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டோம்.

ஃபேனை நிறுத்தினோம். வேர்த்து ஊற்றியது. மடங்கிய குச்சிகளை மாமா சுடுதண்ணீரில் நனைத்து நிமிர்த்தினார். அவர் கை நடுங்கவில்லை என்பதை நான்தான் கவனித்தேன், அவர் கவனிக்கவில்லை. எட்டுக் குச்சியின் தலையிலும் ஒவ்வொரு சொட்டு. இறக்கையை இறக்கினார். உட்கார்ந்தது. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், கூடினால் ஒழுகும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, கை கழுவப் போனார். நான் கடமை தவறாமல் குளியலறைக் கதவு தெரிகிற இடத்தில் உட்கார்ந்தபடியே இறக்கையைப் பார்த்தேன். பச்சை ராஜாவுக்குப் பக்கத்துக் குச்சியில் பசை குறைவாக இருப்பது போலத் தெரிந்தது. மேஸ்திரிக்கு அவ்வளவு அதிகாரம்கூட இல்லையா? இன்னும் ஒரு சொட்டு வைத்தேன். உறுதிக்காக இன்னும் ஒன்று.

மறுநாள் மத்தியானம் வரை தொடக்கூடாது என்றார் மாமா. மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடினோம். அம்மா வந்து அது என்ன என்றதற்கு, தூசி படக்கூடாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அன்று சாப்பிடும்போது மாமா தானாகவே இரண்டாவது தடவை ஊறுகாய் கேட்டார். அம்மா ஊறுகாய் பாட்டிலையே அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வருடத்தின் கடைசி நாள். பன்னிரண்டு மணியிலிருந்து நான் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இரண்டு மணிக்கு மாமா, முட்டு பிரிக்கலாம் மேஸ்திரி என்று உத்தரவு கொடுத்தார். முதலில் நீல ராஜா விடுதலை. வால் அப்படியே நின்றது. சிவப்பு ராஜாவுக்கடியிலிருந்து என் படங்களை ஒவ்வொன்றாக உருவினோம். அவரும் நகர்ந்தார். இறக்கை அசையவில்லை. கீழ் இறக்கையும் மேல் இறக்கையும் கோடு போட்டது போல் நேர்நேராக நின்றன. நான் கத்திக்கொண்டே ஹாலை மூன்று சுற்றுச் சுற்றினேன். பச்சை ராஜாவை எடுக்கச் சொன்னார் மாமா. இழுத்தேன். வரவில்லை. மாமா விமானத்தை மெதுவாகத் தூக்கினார். ராஜாவும் கூடவே கிளம்பினார், பஸ்ஸில் ஃபுட்போர்டு அடிக்கிறவர் மாதிரி, கால் அந்தரத்தில் தொங்க.

கூடுதல் சொட்டு இறக்கையின் அடிவழியே ஓடி, கிரீடத்தின் தங்கப் பெயிண்டோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. திருகினால் இறக்கை முறியும், இல்லையென்றால் ராஜாவின் தலை வரும்.  அம்மாவின் சீதன ராஜா. நாளைக் காலையில் ஃப்ரிட்ஜ் மேல் ஏறவேண்டியவர்.

மாமாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஐயோ, மறுபடி போச்சு என்று பயந்து அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் சத்தமே இல்லை. அப்புறம் இருமல் மாதிரி, அப்புறம் விமானத்தைத் திவானில் வைத்துவிட்டுத் தரையில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் கதவு திறந்ததே எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா கைப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா," என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு, "ராஜா ஒருத்தருக்கு நடக்க முடியலையாம். ப்ளேன் புடிச்சிட்டாரு."

அம்மா திவானில் கிடந்த விமானத்தைப் பார்த்தாள். தொங்கிய ராஜாவைப் பார்த்தாள். மாமாவை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்படியே வாசல்படியில் யூனிஃபார்மோடு உட்கார்ந்து, புடவைத் தலைப்பு இல்லாததால் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். விக்கி விக்கி அழுதாள். நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. அந்த ராஜா அவளுக்கு எவ்வளவு உசத்தி என்று அப்போதுதான் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயந்திரம் அம்மா தன் ஹேண்ட்பேக்கைத் திறந்து, அப்பாவின் சவரப் பெட்டியை எடுத்து மாமாவிடம் கொடுத்தாள். அப்பாவின் சவரப் பெட்டி டியூட்டிக்கு எதற்குப் போய்வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. மாமா தாடியை எடுத்து முடிக்கும்வரை அவள் அந்தப் பக்கமே நடமாடிக்கொண்டிருந்தாள். வருடக் கடைசிப் பூசைக்கு மாமா எங்களோடு வந்தார்.

ஆறாம் தேதி சாமியார் வந்தபோது, குடிலுக்கு மேலே நைலான் நூலில் விமானம் தொங்கியது. இரண்டு ராஜாக்கள் தரைவழியாகவும் ஒருவர் ஆகாயமார்க்கமாகவும் வந்துகொண்டிருந்தார்கள். சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆறுதல் பரிசு கிடைத்தது. அந்த மாதமே மாமா வேலைக்குத் திரும்பினார்.

பல வருடம் கழித்து, மாமாவின் மகனுக்கு ஞானஸ்நானம் முடிந்து திருவான்மியூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது அம்மா சொன்னாள். அந்த டிசம்பரில் மாமா ஏதாவது செய்துகொள்வாரோ என்று ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தாளாம். பக்கத்தில் குழந்தை இருந்தால் செய்யமாட்டான் என்று நம்பி என்னை அங்கே உட்கார வைத்தாளாம். பத்து வயதுப் பெண்ணை அப்படி விட்டுப்போனது தப்புதான், எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு நினைவுக்கு வந்தது வேறு ஒன்று.

அந்த ஜனவரியில், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளோடு நானும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முழங்காலிட்டு, நடுங்கிக்கொண்டே, ஒளிக்காமல் சொன்னேன். கேட்காமல் அலமாரியைத் திறந்தேன். ஒரு சொட்டு போதும் என்று சொல்லியும் மேலே இரண்டு சொட்டு வைத்தேன். ராஜாவின் கிரீடத்தில் பசை ஒட்டியதால் அம்மா அழுதுவிட்டாள். சாமியார் இருமினார், அல்லது சிரித்தார். ஐந்து தடவை அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். நான் உறுதிக்காகப் பத்து சொன்னேன். எல்லாப் பாவமும் போய், லேசாகி, துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எல்லாமே பாதியில்தான் நிற்குமா என்று மாமாவிடம் கேட்டதை மட்டும் நான் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை. அது சொல்லவேண்டிய ஒன்று என்றே எனக்குத் தெரியாது.